கரி நட்சத்திரமும் பாக்குவெட்டியும்

அடுப்பறைக் கதவின் இடுக்கில் மூன்று பட்டைகள் தெரிந்தன. மஞ்சளும் பச்சையும் கலந்தது ஒன்று, நல்ல பச்சை ஒன்று, நீலம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் ஓரம் இருந்தது. மறுபக்கம் ஈரத்துணியில் விட்ட சாயம்போல் மெல்ல மெல்லக் கரைந்து போயிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். உனக்கும் அதிலிருந்தே சொல்கிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. இதைப் படிக்கும்போது நன்றாக வளர்ந்திருப்பாய். இதை எழுதுகிற என்னைவிட உனக்கு வயது கூட இருக்கும். எனக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுகிறவர்கள் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. நேற்று எனக்கு வளைகாப்பு. இன்று காலை என் அண்ணன் மண்ணூர்பேட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறான். வண்டி வருகிறவரை எழுதலாம். கையை அசைத்தால் வளையல் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம் உனக்குக் கேட்கும் என்று நேற்று வந்த பெண்கள் சொன்னார்கள். அப்படியென்றால் நான் எழுதுவது இப்போதே உனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பேச வராது. நாலு பேர் நடுவில் என்னைப் பார்த்து யாராவது ஒன்று கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன். பெரியவளானதும் படிப்பை நிறுத்தினார்கள். வாத்தியார் என்னைக் கேள்வி கேட்க மாட்டார் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள். சேக்காட்டுக்கு வாழ வந்த பிறகு உன் அத்தை, அதாவது உன் நைனாவின் அக்கா, எனக்கு வைத்த பெயர் ஊமைச்சி. "ஊமச்சி, தண்ணி மொண்டாச்சா? ஊமச்சி, உனுக்கு உப்பு போதுமா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். உன் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், இப்போது உயிரோடு இல்லை. இந்த வீட்டை நடத்துகிறவர் அவர்தான். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் பேச்சே பேசாததால் எங்களுக்குள் சண்டையும் கிடையாது.

உன் நைனா ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை செய்கிறார். சண்டைக் காலம் இது. மணலும் உப்புக்காற்றும் பட்டுக் கெட்டுப்போய் வரும் தூரக்கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது அவர் வேலை. விளிம்பு உடைந்து உதவாமல் போன ஒரு முப்பட்டைக் கண்ணாடியை மேஸ்திரி அவரிடம் கொடுத்துவிட்டாராம். அதை என்னிடம் கொண்டுவந்து தந்தார். "சொம்மா கண்ணுகிட்ட வச்சுப் பாரு. வானவில்லு தெர்யும்னு சொல்றாங்க" என்றார். 'சொல்றாங்க' என்று ஏன் சொல்கிறார், அவர் பார்க்கவில்லையா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் மாலை அத்தை அடுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மண்ணெண்ணெய் கிடைத்த சந்தோஷத்தில் பம்ப் ஸ்டவ்வில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கதவுப் பலகை இடுக்கில் ஸ்டவ்வின் நீலத் தீ ஒரு நூல்போலத் தெரிந்தது. அந்த நூல்தான் கண்ணாடிக்குள் மூன்று பட்டைகளாகப் பிரிந்தது. விளக்கைப் பார்த்தால் எல்லா நிறமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. நடுவில் வெறும் இருட்டு, அப்புறம் ஒரு பட்டை, மறுபடி இருட்டு.

உன் நைனா வந்ததும் சொன்னேன். அவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச வரும். "பச்சையில ஒண்ணு கீதுன்னியே, எது பச்ச?" என்று கேட்டார். கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "எனுக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணுதாம்மே. பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கல்யாணமான புதிதில், "அன்னிக்கு அந்தப் பச்சப் பொடவையில சோக்கா இருந்தே" என்று ஒரு நாள் சொன்னார். நான் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு. கேலி செய்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். அவருக்கு ஏன் என்று தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்போம். உனக்கு யார்மேலாவது கோபம் வந்தால், காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் கோபித்துக்கொள். இது நான் கண்டுபிடித்த புத்திமதி.

"கண்ணாடிக்கு இன்னா கலரு கீது? அதான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார் உன் நைனா. பிறகு, "இனிமே நீ பாத்துச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்" என்றார். 'உனக்கு என்ன தெரிகிறது?' என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.

கிடங்கில் ஒரு துரை இருந்தார். ராத்திரியானால் வானத்தைப் பார்க்கிற பைத்தியம் அவருக்கு. தன் சொந்தப் பித்தளைத் தூரக்கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கண்ணாடி துடைக்க உன் நைனா வேலை செய்யும் கொட்டகையில் கொடுத்திருந்தார். ஆள் உயரம், குடத்தின் வாய் அகலம். என் மூன்று பட்டைகளைப் பற்றி உன் நைனா அவரிடம் சொல்லப்போக, துரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். தனக்குத் தெரிந்த தமிழிலும் இவருக்குத் தெரிந்த இங்கிலீஷிலும், மீதியைக் கையாலும் விளக்கினாராம். அன்றிரவு சாப்பிடும்போது உன் நைனா எங்களுக்குச் சொன்னார்.

"அது கரியோட அடையாளமாம். கரி ஆவியா எரிஞ்சா அந்த மூணு பட்டதான் வரும். எந்த ஊரு அடுப்பா இருந்தாலும் அதே எடத்துலதான் வரும். உப்பத் தூவினா மஞ்சளா ஒரு கோடு. இரும்புக்கு எக்கச்சக்கமாக் கோடு, சீப்புப் பல்லு மாதிரி. சூரியன் வெளிச்சத்தப் பிரிச்சா அந்த இரும்புக் கோடெல்லாம் கறுப்பாத் தெரியுதாம். அப்ப சூரியன்ல இரும்பு கீதுன்னுதான அர்த்தம்?"

"யாரு போயிப் பாத்துகினு வந்தாங்களாம்?" என்றார் அத்தை.

"போவ வேணாங்கா. வெளிச்சம்தான் இங்க வருதே. சில நட்சத்திரத்துல கரிப் பட்ட பெரிசு பெரிசா கீதாம்."

"மானத்துல கரியா? அங்க எவ அடுப்பு மூட்டினா?"

உன் நைனா விடவில்லை. கரி நிறைந்தவற்றிலும் சில தனி ரகமாம். அவற்றில் இரும்புச் சீப்பின் பல் கிட்டத்தட்டக் கொட்டிப்போயிருக்கிறது. கரிப்பட்டை மட்டும் கனமாக விழுகிறது. பெரிய பெரிய குழாய்களில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்களாம். "அதுங்கோ மத்த நட்சத்திரங்களோட கூடப் போவறதில்ல. குறுக்கால பறக்குது, ஆவடியில நிக்காத மெயிலு கணக்கா. ரொம்பப் பழசா இருக்கும்னு தொரைக்கு ஒரு எண்ணம். ஆனா நிச்சயமா யாருக்கும் தெரியாதாம்."

நான் ரசம் ஊற்றிக்கொண்டே யோசித்தேன். பாத்திரம் பண்டம் எதுவும் சேராமல், அடுப்பும் அடுப்புக்கரியும் மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனம் தொடங்கிய வீடுகளாக இருக்குமோ அவை? இரும்பெல்லாம் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததோ? அப்போது இதை வெளியே சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். நீ பெரிய படிப்புப் படித்தால் யாரிடமாவது கேட்டுப் பார்.

அந்தப் பழைய நட்சத்திரங்கள் துரையின் குழாய்க்கு எட்டாத மங்கலாம். ஆனால் கரி நிறைந்த சிவப்பு நட்சத்திரம் ஒன்று எட்டுமாம். நாலு நட்சத்திரம் பெரிய சதுரமாக நிற்கும். அதற்குக் கீழே சின்னச் சின்னதாக ஒரு வளையம். அந்த வளையத்தின் ஓரத்தில் இருக்கிறது அது. துரைக்கு வெளியூர் வேலை வந்ததால், "நீயே வைத்திருந்து பார், ஜாக்கிரதை" என்று குழாயை உன் நைனாவிடம் விட்டுப் போனார். இவர் அதை மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு, கைக்குழந்தையைப்போல மடியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். குழாயின் பின்னால் என் முப்பட்டைக் கண்ணாடியைப் பொருத்த ஒரு தகரப் பிடியும் செய்யத் தொடங்கினார். அவரால் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க முடியும். எந்த நிறம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல நான் வேண்டும்.

ஆனால் அத்தைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. மாசமாக இருக்கிறவள் விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டக் கூடாது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று முன்கூட்டி எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. தொட்டில் கூடாது, துணி கூடாது, கண்ணுக்கு இடும் மை கூடவே கூடாது.

புரட்டாசியில் ஒரு நாள் உன் நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். நட்சத்திரம் அப்போது கிழக்கே தாழ்வாக வரும். எங்கள் அடுப்பறையின் பின்வாசல் கிழக்கே பார்த்தது. குழாயை அடுப்பறைக்குள்ளேயே வைத்து வாசல் வழியாகத் திருப்பினார். "அவ ஊட்டுக்குள்ளதான கீறா? சட்டம் ஒடையல" என்றார். தகரப் பிடி இன்னும் முடியவில்லை. அதனால் கண்ணாடியை நான் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், அம்மா! மூன்று பட்டைகள். பளிச்சென்று. மஞ்சள்பச்சை, பச்சை, நீலம்.

"கீது! கீது!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உன் நைனா என் தலையில் கை வைத்து ஆட்டினார். "பாத்துட்டியா! கரியப் பாத்துட்டியா!" என்று அவரும் கத்தினார். முன்னறையில் இருந்து அத்தை, "இன்னாடா கூத்து?" என்று எழுந்து வந்து, பின்கதவின் மறைவில் கொதித்துக்கொண்டிருந்த கஷாயத்தை இறக்கி, ஸ்டவ்வை அணைத்தார்.

என் நட்சத்திரமும் அணைந்துபோயிற்று.

முப்பட்டைக் கண்ணாடி வெளிச்சத்தை மடக்கும். நேரே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். நான் பார்த்தது பாதி சாத்தியிருந்த பின்கதவின் இடுக்கில் தெரிந்த ஸ்டவ் தீயை. விஷயம் புரிந்ததும் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் ஸ்டவ்வுதான் உங்க நட்சத்திரமா? அய்ய, இதுக்கு இன்னாத்துக்குடா இம்மாம் பெரிய கொயா? என்னக் கேட்டா நான் காட்டியிருக்க மாட்டேனா?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. உன் நைனாவைப் பார்த்தேன்; அவர் அத்தையைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சரி என்று நானும் சிரித்தேன். நீ வயிற்றுக்குள் முதல்முதலாக நன்றாகப் புரண்டது அன்றைக்குத்தான். ஆக, நாங்கள் நாலு பேரும் சிரித்தோம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை. மாதம் முழுக்க வானமே இல்லை. தகரப் பிடி தயாராகிவிட்டது. குழாய் மூலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. கார்த்திகை பிறந்து, வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். வளைகாப்புக்கு முதல் நாள் துரை சொல்லி அனுப்பினார்: அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, வளைகாப்புக்கு மறுநாள் காலை ரயிலில் போகிறார், குழாயை ஸ்டேஷனில் சேர்த்துவிட வேண்டும். நான் அம்மா வீட்டுக்குப் போவதும் அதே காலை. பாக்கி இருந்தது வளைகாப்பு நாளின் மாலை மட்டும். நட்சத்திரம் இப்போது உச்சிக்கு ஏறியிருந்தது. வாசலுக்குள்ளிருந்து பார்க்க முடியாது, வெட்ட வெளியில் நிற்க வேண்டும். உன் நைனா கோணியை எடுத்துவிட்டுக் குழாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். எனக்கு அது தாங்கவில்லை.

நேற்றுக் காலை பெண்கள் வந்து வளையல் அடுக்கினார்கள். எதிர்வீட்டு அக்கா என் கன்னத்தில் சந்தனம் பூசும்போது காதோடு ஒன்று சொன்னாள். அத்தைக்குத் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தபோது, ஆசையாக விளக்குச் சுடரின் கரியைத் தட்டில் பிடித்து மை கூட்டிச் சிமிழில் அடைத்து வைத்திருந்தாராம். பிள்ளை தங்கவில்லை. சிமிழை ஏரியில் போட்டுவிட்டாராம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை அந்தப் பக்கம் நின்று, "ஏ, சித்ரான்னத்துல எலுமிச்சம்பயம் போதலடி!" என்று யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் எனக்குச் சட்டமாகப் பட்டது பயம்தான் என்று அப்போது தெரிந்தது.

மாலையில் மேகம் கிழிந்தது. விளக்கு வைத்தாயிற்று. சண்டைக்காக ஊரெல்லாம் விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் வானம் கிணறுபோல ஆழமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தங்கிய பெண்கள் அஞ்சாறு பேர் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் நடுவே போய் நின்றேன். வளையல் சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன். நாளைக்கு உனக்காக நான்தானே எல்லாம் கேட்க வேண்டும்?

"அக்கா" என்றேன், அத்தையைப் பார்த்து. "எனக்கு அந்த நட்சத்திரத்தப் பாக்கணும். வெளிய வந்து பாக்கணும். அவரால கலர் சொல்ல முடியாது. நாளைக்குக் கொழா போயிடும்."

அத்தை வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஊமச்சி பேசுது பாருடி" என்றார். "இன்னாத்துக்கு இப்பிடி நடுங்கற? கேட்டா கடிச்சா துன்னுடுவேன்?" எழுந்தார். வாசல் வேம்பில் ஒரு கொத்து ஒடித்து என் கொண்டையில் செருகினார். பிறகு தன் சுருக்குப்பையில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து என் கையில் திணித்தார். மாசமாக இருக்கிறவள் இருட்டில் போனால் கையில் இரும்பு இருக்க வேண்டும். காத்துக் கருப்பு அண்டாது.

"கெட்டியாப் புடிச்சுக்கோ. மானத்துல இருக்கற அதுங்களுக்குத்தான் இரும்பு இல்லாமப் போச்சு. நமக்குக் கீது."

கூடத்தில் இருந்தவர்கள் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அத்தையும் என்கூடவே வந்தார், என் முதுகில் ஒரு கை வைத்துக்கொண்டு.

பின்பக்கக் களத்தில் உன் நைனா எங்களைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அக்கா, நீயா?" என்றார். "பேசிகினு இருக்காத, காட்டுடா" என்றார் அத்தை. அவர் குழாயைத் திருப்பித் திருப்பிச் சதுரத்தைப் பிடித்தார், வளையத்துக்கு இறங்கினார், ஓரத்துக்கு வந்தார். முதலில் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். ஊதிவிட்ட கங்குபோல ஒரு புள்ளி. பிறகு தகரப் பிடியைப் பொருத்தினார். அந்தப் புள்ளி ஒரு நூலாக நீண்டது. சிவப்பில் தொடங்கி, மஞ்சளுக்கு வந்து, சட்டென்று அறுந்தது. மறுபடி மெல்லத் தோன்றி, பச்சையில் மறுபடி அறுந்தது. நீலத்தில் இன்னொரு முறை. அறுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கம் கத்தியால் நறுக்கிய ஓரம், மறுபக்கம் கரைந்து வருகிற ஓரம். ஸ்டவ்வில் எங்கெல்லாம் வெளிச்சம் இருந்ததோ அங்கெல்லாம் இதில் இருட்டு. நட்சத்திரத்தின் மேலே கரிப்புகை நின்று, தனக்குரிய வெளிச்சத்தை மட்டும் விழுங்கிக்கொள்கிறது.

இந்த முறை நான் கத்தவில்லை. முதலில், "உள்ள ஸ்டவ்வு எரியுதா?" என்று கேட்டேன்.

"அணைச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் அத்தை.

அப்புறம்தான் சொன்னேன். எங்கே அறுகிறது, எந்த நிறத்தில், எந்தப் பக்கம் கூர்மை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவர்தான் பார்க்கிறார் என்று தோன்றும். உனக்கும் அவர் கண் வாய்த்தால் வருத்தப்படாதே. பார்த்துச் சொல்ல ஒருவரைக் கூட வைத்துக்கொள், அவர் சொல்வதை நம்பு. என் கண் வாய்த்தால், கண்டதைச் சொல்லிவிடு. ஸ்டவ்வாக இருந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

அத்தையும் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெர்லியேடா... இரு, இரு... ஏ! செவப்பா நூலு! அந்து அந்து கீது!" வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே கேட்டார்: "அப்ப அந்த அந்துபோன எடமெல்லாம் கரியா?"

"ஆமாங்கா" என்றேன்.

"இம்மாங் கரியா." நிமிர்ந்தார். "மானத்துலயே மை கொட்டிக் கெடக்குது. இங்க நான் ஒரு சிமிழு மைக்குப் பயந்துகினு கீறேன்."

உன் நைனா குழாயின் மேல் கோணியைப் போர்த்தினார். நாங்கள் உள்ளே வந்தோம். வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அத்தை எனக்குச் சாதம் போட்டார், நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தை மாடத்திலிருந்து விளக்கெண்ணெய்க் கிண்ணத்தையும் புதுத்திரி ஒன்றையும் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். பக்கத்தில் தேய்த்துக் கழுவிய பித்தளைத் தட்டு. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பாக்கு நறுக்க உட்கார்ந்தார். பாக்குவெட்டி என்னிடம் இருப்பது அப்புறம்தான் நினைவு வந்தது போலும், கையை நீட்டினார்.

நான் பாக்குவெட்டியை அவர் கையில் கொடுத்தேன். திரியை எண்ணெயில் நனைத்து ஏற்றி, சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன்.